24 வார மிதமான உடற்பயிற்சித் திட்டம்: சேர்ந்து முடித்தவளின் மதிப்புரை

உடற்பருமன் உள்ள பெண்களுக்கென்றே நடத்தப்படும் 24 வார உடற்பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்து, அதை முழுவதும் முடித்து, இறுதி இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கையில் வாங்கிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் மாதத்தில் எழுதியிருந்தால் கோபம்தான் மேலோங்கியிருக்கும். அது அங்குள்ள பயிற்றுநர்களுக்கு நான் செய்யும் அநியாயமாக முடிந்திருக்கும். இதே முறையைப் பின்பற்றும் சேவைகள் பல இருக்கின்றன. அவற்றில் எதில் சேர நினைப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால், பெயரைத் தவிர்த்துவிட்டு முறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சேரும்போது எனக்கு வயது 43, எடை 91 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். நீரிழிவு, இதய நோய் ஆபத்தைக் கூட்டும் வளர்சிதை மாற்றக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் ஐந்து அளவுகளைக் கணக்கில் எடுக்கிறார்கள்: வயிற்றுச் சுற்றளவு, இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு, எச்டிஎல் எனப்படும் நல்ல கொழுப்பு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை. இவற்றுள் மூன்று வரம்பு மீறினாலே கோளாறு உண்டு என்பார்கள். எனக்கு ஐந்துமே மீறியிருந்தன. வயிற்றுச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். 150-க்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு 212. பெண்களுக்கு 50-க்குக் கீழே போகக் கூடாத எச்டிஎல் 41. (இந்த வரம்பு ஆண்களுக்கு 40, என் பழைய அறிக்கை ஒன்றில் ஆண்களுக்கான வரம்பை வைத்து ‘இயல்பு’ என்று அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள், நானும் இரண்டு ஆண்டுகள் அதை நம்பியிருந்தேன்.) வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 சதவீதம். அதாவது நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.

திட்டத்தின் அமைப்பு எளியது. வாரத்தில் நான்கு நாள்கள் டிரெட்மில்லிலோ உடற்பயிற்சி சைக்கிளிலோ மிதமான வேகத்தில் பயிற்சி. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடங்கள், பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, பத்தாவது வாரத்தில் 40 நிமிடங்கள். ஒன்பதாவது வாரத்திலிருந்து இரண்டு நாள்கள் வலுப்பயிற்சியும் சேரும். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியும், இரண்டு நாள்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் பெரியவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் கீழ்வரம்பை இது தொட்டுவிடுகிறது. உணவுத் திட்டம் எதுவும் தரப்படவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். எனக்கோ அது நல்லதாகவே பட்டது. உணவையும் பயிற்சியையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், எதனால் எது நடந்தது என்று பின்னால் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது, ‘மிதமான’ என்ற சொல்லுக்கு அங்குள்ள பயிற்றுநர் கொடுத்த கவனம். இதற்கு முன் நான் சேர்ந்து பாதியில் விட்ட இரண்டு உடற்பயிற்சிக் கூடங்களில், மூச்சு வாங்கி நிற்பதுதான் பயிற்சியின் அடையாளம் என்று கருதினார்கள். இங்கே முதல் நாளே ஒரு விதி சொன்னார்கள்: நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதைப் பேச்சுச் சோதனை என்கிறார்கள். கையில் கட்டும் கடிகாரத்தின் இதயத்துடிப்பு எண்ணைவிட இதையே அவர்கள் நம்பினார்கள். அதற்கான காரணத்தை எங்கள் குழுவிலேயே பார்த்தோம். இரத்த அழுத்தத்திற்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு 100-ஐத் தாண்டவில்லை. உச்ச இதயத்துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் வாய்ப்பாட்டை அவருக்குப் பயன்படுத்தியிருந்தால், இன்னும் வேகமாக நடங்கள் என்று அவரை வருத்தியிருப்பார்கள். அந்த மாத்திரை துடிப்பைக் கட்டிப் பிடித்துவைக்கும் என்பதை அறிந்த பயிற்றுநர், அவரிடம் போர்க் அளவுகோலைக் கொடுத்தார். சுவீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் உருவாக்கிய அந்த அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும்; உடல் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதைப் பயிற்சி செய்பவரே எண்ணாகச் சொல்ல வேண்டும்; 12, 13 என்றால் மிதமானது. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் ‘உங்களுக்கு எப்படி இருக்கிறது’ என்று கேட்டு, அந்தப் பதிலை ஓர் அளவாக எழுதிக்கொண்ட முதல் பயிற்சி இடம் இதுதான்.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இரத்த அழுத்தம் அளந்த விதம். தொடக்க நாளில் என் மேற்கையில் வழக்கமான அளவுப் பட்டையைச் சுற்றினார்கள்; அது சரியாகப் பொருந்தவில்லை; பிதுங்கிய நிலையிலேயே அளந்து 146/92 என்று எழுதினார்கள். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். பெரிய பட்டை வேண்டும் என்று நான் வற்புறுத்திய பிறகு, அலமாரியின் அடியிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துவந்து மீண்டும் அளந்தபோது 138/88 வந்தது. எட்டுப் புள்ளி வேறுபாடு. அந்த முதல் எண்ணே பதிவேட்டில் நின்றிருந்தால், கடைசி நாளில் பெரிய பட்டையால் அளக்கும்போது கிடைக்கும் இறக்கத்தில் ஏறக்குறையப் பாதியைப் பட்டை மாற்றமே கொடுத்திருக்கும்; அதையும் பயிற்சியின் வெற்றி என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். உடற்பருமன் உள்ள பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட ஒரு சேவையில் பெரிய பட்டை அலமாரியின் அடியில் கிடந்தது எனக்கு இன்றும் வருத்தமே.

இரண்டாவது குறை அதைவிடப் பெரியது. விளம்பரத்தில் அவர்கள் விற்றது எடைக் குறைவை. ஒவ்வொரு வாரமும் முதல் நாள், மற்றவர்கள் வரிசையில் நிற்க, எடை இயந்திரத்தில் ஏற்றி எண்ணை உரக்கப் படிப்பார்கள். ஏழாவது வாரத்தில் எனக்கு 400 கிராம் கூடியிருந்தது. அறை முழுதும் கேட்டது. 14 பேராகத் தொடங்கிய குழுவில் கடைசியில் நாங்கள் எட்டுப் பேர்தான் இருந்தோம். விலகியவர்களில் மூவர், எடை குறையவில்லை, இது எனக்குப் பயன்படவில்லை என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவரின் வயிற்றுச் சுற்றளவு அதற்குள் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

இங்கேதான் ஆய்வுகள் சொல்வதையும் சேவை விற்றதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்து, 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, உடல் உழைப்பில்லாத, எடை மிகுந்த அல்லது உடற்பருமன் உள்ள 464 பெண்களை ஆறு மாதங்கள் மிதமான பயிற்சியில் ஈடுபடுத்தினார்கள். ஒரு குழு வாரத்திற்குச் சராசரியாக 72 நிமிடங்களும், இன்னொன்று 136 நிமிடங்களும், மூன்றாவது 192 நிமிடங்களும் பயிற்சி செய்தன. நான்காவது குழு எதுவும் செய்யவில்லை. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன், பயிற்சியற்ற குழுவோடு ஒப்பிட, முறையே 4.2, 6.0, 8.2 சதவீதம் உயர்ந்தது. வயிற்றுச் சுற்றளவும் பயிற்சி செய்த குழுக்களில் குறைந்தது. எடையில் மட்டும் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாரம் 72 நிமிடங்கள் என்பது ஒரு நாளைக்குச் சுமார் பத்து நிமிடங்கள்தான். அந்தச் சிறு அளவுக்கே உடல் பதில் சொல்லியிருக்கிறது, எடை இயந்திரம் மட்டும் சொல்லவில்லை. அதே ஆய்வில் இரத்த அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சி எல்லா அளவுகளையும் ஒரே சீராக மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறுதான்.

எடை அசையாமல் இருக்கும்போதே உள்ளே என்னதான் மாறுகிறது என்பதைப் பயிற்றுநர் ஒருநாள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது விளக்கினார். திட்டத்தில் நான் கேட்ட மிகப் பயனுள்ள பத்து நிமிடங்கள் அவை. உண்ட பின் இன்சுலின் உந்துதலால் இரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையின் பெரும்பகுதியை எலும்புத் தசைகளே வாங்கிக்கொள்கின்றன. தசைச் செல்லின் உள்ளே குளுட்-4 என்ற புரதம் இருக்கிறது. அது செல்லின் மேற்பரப்புக்கு வந்தால்தான் சர்க்கரை உள்ளே நுழையும். அதை மேலே வரவழைப்பது வழக்கமாக இன்சுலினின் வேலை. இன்சுலின் எதிர்ப்பு உள்ள உடலில் அந்த அழைப்பு செல்லுக்குச் சரியாகக் கேட்பதில்லை. எனவே கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் அழைப்பு இல்லாமலேயே அந்தப் புரதம் மேலே வந்துவிடுகிறது. அதாவது இன்சுலின் திறக்கத் திணறும் கதவுக்குப் பக்கத்திலேயே வேறொரு கதவு இருக்கிறது. நடக்கும் ஒவ்வொரு அடியும் அதைத் திறக்கிறது. நடந்து முடித்த பிறகும், ஒரு நாள் முதல் இரண்டு மூன்று நாள்கள் வரை தசைகள் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கின்றன. வாரத்தில் நான்கு நாள்கள் என்று பிரித்துவைத்திருப்பதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது: ஒரு பயிற்சியின் விளைவு வடிவதற்குள் அடுத்தது வந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுதும் உட்கார்ந்திருந்தால் இந்தத் தொடர்ச்சி கிடைக்காது.

இதோடு, வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பும் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பும் மிதமான பயிற்சியால் குறைகின்றன. உடல் எடை பெரிதாக மாறாதபோதும் இது நடக்கிறது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைவிட இந்த உட்கொழுப்புதான் இன்சுலின் எதிர்ப்போடும் டிரைகிளிசரைடு உயர்வோடும் நெருங்கிய தொடர்புடையது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களின் கொழுப்பு இடுப்பிலிருந்தும் தொடையிலிருந்தும் வயிற்றுக்குள் இடம்பெயரத் தொடங்குவதால், என் வயதில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியமானது. எங்கள் குழுவில் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள இளம்பெண்கள் இருவர் இருந்தனர். அந்தப் பிரச்சினையில், மிகுந்த இன்சுலினும் சினைப்பையைத் தூண்டி ஆண்மை இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது. அவர்களுக்கு இன்சுலின் அளவு இறங்குவது நீரிழிவைத் தள்ளிப்போடுவதோடு நிற்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த பயிற்றுநரைப் பணியில் வைத்துக்கொண்டு, வாசலில் எடை இயந்திரத்தையே முதன்மையாக நிறுத்தியிருப்பது ஏன் என்று நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்டேன். எடை குறையும் என்று சொன்னால்தான் ஆட்கள் சேர்கிறார்கள் என்று பதில் வந்தது. சேர்வது உண்மைதான். ஆனால் அதே வாக்குறுதிதான் அவர்களைப் பாதியில் அனுப்பியும் விடுகிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. டிரெட்மில்கள் அகலமானவை, பக்கக் கைப்பிடிகள் நீளமானவை. முதல் வாரங்களில் அது பெரிய துணை. சைக்கிள் இருக்கைகள் குறுகலானவை; பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வலி பொறுக்க முடியவில்லை. சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் வகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதற்கு எப்போதும் வரிசை. தொடைகள் உரசிப் புண்ணாவதைப் பற்றியோ, நடக்கும்போது சிறுநீர் கசிவதைப் பற்றியோ யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. பெண்களுக்கான சேவையில் இவை முதல் நாளே சொல்லப்பட வேண்டியவை. வெட்கப்பட்டுக்கொண்டே விலகியவர்களும் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு மாற்றாக நாற்காலியிலும் சுவரிலும் செய்யும் பயிற்சிகள் வைத்திருந்தது நல்ல ஏற்பாடு. என் முழங்கால் அதற்கு நன்றி சொல்லும்.

வலுப்பயிற்சியை ஒன்பதாவது வாரம் வரை தள்ளிவைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரையை வாங்கிக்கொள்வது தசை என்றால், தசையை வளர்ப்பதை ஏன் இரண்டு மாதம் ஒத்திப்போட வேண்டும்? ரப்பர் பட்டையோடும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியோடும் முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்கலாம்.

சேர்க்கைப் படிவத்தில் என்னென்ன மருந்துகள் எடுக்கிறோம் என்று கேட்டார்கள். ஆனால் இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையைக் குறைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம் என்ற எச்சரிக்கை அதில் இல்லை. மூன்றாவது வாரத்தில் ஒருவர் கைநடுங்கி வியர்த்து உட்கார்ந்த பிறகே, பயிற்சிக்கு முன் சர்க்கரை பார்க்கும் வழக்கம் வந்தது. அப்படி மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசாமல் இதில் சேர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இறுதிப் பரிசோதனையைக் கடைசிப் பயிற்சிக்கு மறுநாள் காலையிலேயே வைத்திருந்தார்கள். முந்தைய நாள் செய்த ஒரே ஒரு பயிற்சிகூட டிரைகிளிசரைடை இறக்கிக் காட்டிவிடும். 24 வாரப் பயிற்சியின் பயனையும் ஒரு நாள் பயிற்சியின் பயனையும் அந்த இரத்தத்தில் பிரிக்க முடியாது. நான் மூன்று நாள்கள் தள்ளிப்போட்டுக் கொடுத்தேன். இதனால் என் முடிவுகள் மற்றவர்களுடையதைவிடச் சற்றுச் சுமாராகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவை எனக்கே உரியவை.

எடை 91-இலிருந்து 88.6 கிலோவுக்கு வந்தது. விளம்பரத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றம். வயிற்றுச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். டிரைகிளிசரைடு 161, இன்னும் வரம்பைத் தாண்டித்தான் இருக்கிறது. எச்டிஎல் 44, மூன்று புள்ளி என்பது சிறிய உயர்வு, ஆனால் அது மெல்லத்தான் அசையும். கெட்ட கொழுப்பான எல்டிஎல்லில் மாற்றம் இல்லை. இரத்த அழுத்தம், பெரிய பட்டையால் அளந்து, 128/82. வெறும் வயிற்றுச் சர்க்கரை 99, எச்பிஏ1சி 5.8. வெறும் வயிற்று இன்சுலின் 21-இலிருந்து 14-க்கு இறங்கியது. சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் கிடைக்கும் இன்சுலின் எதிர்ப்பு அளவு 5.6-இலிருந்து 3.4 ஆகியிருக்கிறது. சர்க்கரையில் ஒன்பது புள்ளிதான் குறைந்தது, இதற்கா இத்தனை பாடு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். அந்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க என் கணையம் முன்பு சுரந்ததில் மூன்றில் இரண்டு பங்கே இப்போது போதுமானதாக இருக்கிறது என்று விளக்கியபோது அவர்கள் கேள்வி நின்றது. ஐந்து அளவுகளில் இரண்டு வரம்புக்குள் வந்துவிட்டன, மூன்று வரவில்லை. ஒரே ஒருத்தியின் கணக்கு இது. என்னைப்போலவே இருந்து பயிற்சி செய்யாத இன்னொருத்தியோடு ஒப்பிட வழியில்லை என்பதையும் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

எடையும் சேர்ந்து குறைந்தால் பயன் பெருகும் என்பதை நான் மறுக்கவில்லை. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிடப் பயிற்சியோடு உணவு மாற்றத்தின் மூலம் 7 சதவீத எடைக் குறைப்பையும் இலக்காக வைத்தவர்களிடம், புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது; மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் அது 31 சதவீதம். அந்த ஆய்வில் பங்கேற்ற 3,234 பேரில் பெரும்பாலோர் பெண்கள். அந்த 58 சதவீதத்தை இந்தச் சேவை தன் துண்டறிக்கையில் எடுத்துப் போட்டிருக்கிறது. ஆனால் அது உணவு மாற்றமும் சேர்ந்து தந்த பயன் என்பதைச் சொல்லவில்லை. பயிற்சி மட்டுமே அளிக்கும் ஓர் இடம் அந்த எண்ணைத் தன்னுடையதாகக் காட்டுவது சரியல்ல.

மேற்பார்வையில்லாமல் தொடங்கத் தயங்குபவர்கள், முழங்கால் வலியோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், முன்பு வேகமான பயிற்சிகளில் சேர்ந்து மனம் ஒடிந்தவர்கள் ஆகியோருக்கு இந்தத் திட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். சேர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பெரிய அளவு இரத்த அழுத்தப் பட்டை இருக்கிறதா, வயிற்றுச் சுற்றளவை மாதந்தோறும் அளக்கிறார்களா, 24 வாரங்களுக்குப் பிறகு என்ன? கடைசிக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் ஒரு சான்றிதழ் மட்டுமே. பயிற்சி நின்றால் இன்சுலினுக்குத் தசைகள் தரும் கூடுதல் கவனம் சில நாள்களிலேயே குறையத் தொடங்கிவிடும் என்று அவர்களே கற்றுக்கொடுத்திருந்தும், அதற்கு மேல் தொடர ஓர் ஏற்பாடும் அவர்களிடம் இல்லை.

நடைப்பயிற்சியை நானே தொடர்கிறேன். இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிட நடையையும் சேர்த்திருக்கிறேன். வலுப்பயிற்சிக்கு மட்டும் வாரம் இரண்டு நாள்கள் அங்கேயே மீண்டும் பதிவு செய்திருக்கிறேன். என் எடையை யாரும் உரக்கப் படிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். போன வாரம் சென்றபோது எடை இயந்திரம் தனி அறைக்கு மாற்றப்பட்டிருந்தது. அடுத்த இரத்தப் பரிசோதனையை மூன்று மாதங்கள் கழித்துச் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு நாள்களை ஓய்வுக்காக நாட்காட்டியில் இப்போதே குறித்து வைத்துவிட்டேன்.